பக்கத்து வீட்டு விசில்

காத்திவாக்கத்தில் வரிசை வீடு ஒன்றின் நடையில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். ஆறு குடித்தனம், ஆறு அடுப்பு, ஆறு குக்கர். உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கும் அம்மா விசில் கேட்டதும் கையை நிறுத்துகிறார். "நம்மளுதா, பக்கத்து வீட்டுதா?" பாதி எழுந்து, காது கொடுத்துப் பார்த்து, மறுபடி உட்காருகிறார். பக்கத்து வீட்டு விசில்தான். மடிப்புக் கலைந்த சட்டையை முதலிலிருந்து மடிக்க வேண்டும். போதாததற்கு இன்னொரு குழப்பம்: நம்முடைய குக்கர் இதுவரை அடித்தது இரண்டா, மூன்றா?

கணினிக்குள்ளும் இதே கூத்துதான். விசைப்பலகை, வட்டு, இணைய அட்டை, தொடுதிரை, கடிகாரம் என்று ஆளாளுக்குச் செயலியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கூப்பாட்டுக்குப் பெயர் இண்டரப்ட், தமிழில் குறுக்கீடு. செயலி கைவேலையைப் பாதியில் நிறுத்தி, எங்கே விட்டோம் என்று குறித்துவைத்து, கூப்பிட்ட கருவியைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்புகிறது. கவனிக்கிற வேலையைச் செய்யும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். காத்திவாக்கம் சாலையில் டிரைவர் என்றால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியை ஓட்டுபவர். கணினியிலும் ஏறக்குறைய அதே பொருள்தான். வண்டிக்கு வண்டி கிளட்ச் வேறு, பிரேக் வேறு. அந்தந்தக் கருவியின் போக்கு தெரிந்த ஆள்தான் அதை ஓட்ட முடியும்.

விசில் வந்தது, எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் கூப்பிடவில்லை என்றால்? அதுதான் பொய்க் குறுக்கீடு. ஒன்றிரண்டு வந்தால் யாருக்கும் தெரியாது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் வந்தால் முழு இயந்திரமும் திணறி நின்றுவிடும்.

பானையும் குக்கரும்

பானையில் சோறு வடித்த காலத்தில் அடுப்படியை விட்டு நகர முடியாது. மூடியைத் திறந்து, ஒரு பருக்கையை எடுத்து நசுக்கி, இன்னும் வேகவில்லை என்று மூடி, சற்று நேரத்தில் மறுபடியும் திறக்க வேண்டும். தொடக்கக் காலக் கணினிகளும் இப்படித்தான் வேலை செய்தன. அச்சு இயந்திரம் ஓர் எழுத்தை அடித்து முடித்ததா, முடித்ததா என்று செயலி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே நிற்கும்.

இதில் எவ்வளவு வீணாகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய ஒரு கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு நொடிக்கு 100 கோடித் துடிப்பு. வேகமாகத் தட்டச்சு செய்பவர் நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கிறார் என்று வைத்துக்கொண்டால்கூட, இரண்டு எழுத்துக்கு நடுவில் பத்துக் கோடித் துடிப்பு. அத்தனையையும் "அடுத்த எழுத்து வந்ததா?" என்று கேட்பதிலேயே செலவழிப்பது அநியாயம்.

1950களின் நடுவில் பொறியாளர்கள் கணினிக்கு ஒரு விசில் பொருத்தினார்கள். நெதர்லாந்தில் எக்ஸ்1 என்ற கணினி உருவானபோது அதற்கு இந்த வசதியைக் கையாளும் நிரல்களை எழுதியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1959இல் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வேட்டின் பொருளும் அதுதான். குறுக்கீடு என்ற யோசனையைக் கண்டு முதலில் அவருக்குப் பயம்தான் வந்தது. எந்த நொடியில் விசில் வரும் என்று சொல்ல முடியாது. நிரல் இன்று தவறினால், அதே தவறை நாளை திரும்ப வரவழைத்துப் பார்க்கவும் முடியாது, ஏனென்றால் நாளைக்கு விசில் வேறொரு நொடியில் வரும். அவருடைய அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்பதற்குப் பொய் விசில்களே சாட்சி.

பொய் எங்கே பிறக்கிறது

முதல் பிறப்பிடம், கம்பியும் உலோகமும். ஒரு பொத்தானை நீங்கள் ஒரு முறைதான் அழுத்துகிறீர்கள். உள்ளே இருக்கும் உலோகத் தகடுகள் மோதி, எகிறி, மறுபடி மோதி, சில மில்லி நொடிகள் துள்ளிய பிறகே அடங்குகின்றன. நம் கண்ணுக்கு அது ஒரே அழுத்தம். 100 கோடித் துடிப்புள்ள செயலிக்கோ 5 மில்லி நொடி என்பதே 50 லட்சம் துடிப்பு. ஒவ்வொரு துள்ளலையும் தனி விசிலாக எண்ணிவிடும். மூன்று விசிலில் இறக்க வேண்டிய குக்கர் ஒரே மூச்சில் பத்து விசில் அடித்தால் எப்படி எண்ணுவது? அதற்கும் ஒரு வழி உண்டு. முதல் துள்ளல் வந்ததும் டிரைவர் உடனே நம்பிவிடாமல், சில மில்லி நொடி பொறுத்து, பொத்தான் இன்னும் அழுந்தியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கணக்கில் சேர்க்கும். லினக்ஸ் இயங்குதளத்தில் இத்தகைய பொத்தான்களுக்கான பொது டிரைவர், வேறு எதுவும் சொல்லாவிட்டால் 5 மில்லி நொடி பொறுக்கிறது.

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் உள்ள ஆலைகளைப் போன்ற இடங்களில் இன்னொரு தொல்லை. பெரிய மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கான்டாக்டர் ஒவ்வொரு முறை பிரியும்போதும் சிறு மின்னல் வெட்டுகிறது. பக்கத்தில் ஓடும் மெல்லிய சமிக்ஞைக் கம்பி ஏரியல் போல அந்த அதிர்வை வாங்கிச் செயலியிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறது. கடற்காற்றில் வரும் உப்பு ஈரம் முனைகளில் படிந்து மின்சாரம் கசிய வழி திறப்பதும் உண்டு. எங்கும் கட்டப்படாமல் தொங்கும் உள்ளீட்டு முனை இன்னும் மோசம். பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே விசிலடிக்கும். இதற்கெல்லாம் மருந்து மென்பொருளில் இல்லை. உறை போட்ட கம்பி, சரியான எர்த், முனையை ஒரு நிலையில் கட்டிவைக்கும் மின்தடை, சமிக்ஞையை ஒளியாக மாற்றிக் கடத்தும் ஆப்டோகப்ளர் ஆகியவை வேண்டும். மின் பணியாளர் செய்ய வேண்டிய வேலையை நிரலாளர் தலையில் கட்டினால் இரண்டுமே கெடும்.

இரண்டாவது பிறப்பிடம், மிஸ்டு கால். போன் மணி அடிக்கிறது, எடுக்கப் போவதற்குள் நின்றுவிடுகிறது. 1970களில் இன்டெல் நிறுவனம் கொண்டுவந்த 8259 என்ற சில்லு, எட்டுக் கருவிகளின் கூப்பாட்டை வாங்கி ஒவ்வொன்றாகச் செயலியிடம் சொல்லும் வாயிற்காவலர். 1981இல் வந்த ஐபிஎம் பிசியிலும் அதுதான் இருந்தது. "யாரோ கூப்பிடுகிறார்கள்" என்று அது சொல்ல, "யார்?" என்று செயலி கேட்பதற்குள் கூப்பாடு நின்றுபோனால், காவலருக்குச் சங்கடம். யாரும் இல்லை என்று சொல்ல அந்தச் சில்லுக்கு வாயில்லை. எட்டில் ஒரு எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் கடைசி எண்ணான ஏழைச் சொல்லிவிடும். பிசியில் ஏழாம் எண் வழக்கமாக அச்சு இயந்திரத்தினுடையது. ஒன்றும் கேட்காத அச்சு இயந்திரத்தின் டிரைவர் எழுந்து ஓடும்.

இதற்கு வந்த வைத்தியம் நுட்பமானது. ஏழாம் எண் வந்தால், சில்லுக்குள் இருக்கும் ஒரு பதிவேட்டைப் படித்து உண்மையிலேயே ஏழு பணியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பேசாமல் திரும்பிவிட வேண்டும். பழக்கதோஷத்தில் "வேலை முடிந்தது" என்று சில்லுக்குச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால், அந்த நேரம் நிஜமாகவே நடந்துகொண்டிருக்கும் வேறொரு கருவியின் வேலையை முடிந்ததாகக் குறித்துவிடும்.

மூன்றாவது பிறப்பிடம்தான் அனுபவசாலிகளையும் தலை சொறிய வைப்பது. பையனைக் கூப்பிட்டு, "போய் அடுப்பை அணைடா" என்று அனுப்பிவிட்டு நீங்கள் உட்காருகிறீர்கள். பையன் நடையில் பூனையைப் பார்த்து நின்றுவிடுகிறான். குக்கர் மறுபடி விசிலடிக்கிறது. அலுத்துக்கொண்டு நீங்கள் எழுந்து போவதற்குள் பையன் போய் அணைத்திருக்கிறான். அடுப்படியில் நின்று பார்த்தால் எல்லாம் அமைதி. அப்படியானால் விசிலடித்தது யார்?

செயலிக்கும் கருவிக்கும் நடுவில் உள்ள பாலங்கள் இந்தப் பையனைப் போன்றவை. "கூப்பாட்டை நிறுத்து" என்று டிரைவர் எழுதும் கட்டளையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, போய்ச் சேர்வதற்கு முன்பே "சரி" என்றுவிடும். டிரைவர் வேலை முடிந்ததென்று திரும்பிவிடுகிறது. கருவியின் கம்பியோ இன்னும் உயர்ந்தே இருக்கிறது; உடனே அடுத்த குறுக்கீடு. மறுபடி போய்ப் பார்த்தால் கட்டளை சேர்ந்திருக்கும், கருவி அமைதியாக இருக்கும். இதைத் தடுக்க ஒரே வரி போதும். கட்டளையை எழுதிய கையோடு அதே கருவியிலிருந்து எதையாவது படிக்க வேண்டும். படிப்பதற்குப் பதில் வந்தாக வேண்டும். பதில் வர வேண்டுமானால் முன்னால் போன கட்டளை கருவியைச் சேர்ந்திருக்க வேண்டும். "அணைச்சிட்டியா?" என்று குரல் கொடுத்து, "அணைச்சிட்டேம்மா" என்று பதில் வந்த பிறகு உட்காருவதுதான் இது.

எழுந்து போய்ப் பார்ப்பவரின் ஒழுங்கு

கணினிக்குள் அட்டைகளைச் செருகும் பழைய பிசிஐ அமைப்பில் பல கருவிகள் ஒரே குறுக்கீட்டுக் கம்பியைப் பங்குபோட்டுக்கொள்ளும். வரிசை வீட்டுக்கு வாசலில் ஒரே ஒரு காலிங் பெல். மணி அடித்தால் எல்லாக் குடித்தனமும் வாசலை எட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

அதனால் டிரைவர் எழுதுபவருக்கு முதல் பாடம், கூப்பாடு வந்ததும் வேலையில் பாயக் கூடாது. தன் கருவியின் நிலைப் பதிவேட்டைப் படித்து, "கூப்பிட்டது நீயா?" என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் "எனக்கு இல்லை" என்று இயங்குதளத்தின் மையமான கருவகத்திடம் சொல்லித் திரும்ப வேண்டும். லினக்ஸில் அந்தப் பதிலின் மதிப்பு பூஜ்யம்.

இரண்டாவது பாடம் வரிசை. டிரைவர் பொறுப்பேற்கும்போது கருவியின் வாயை முதலில் அடைக்க வேண்டும். அதனிடம் தேங்கிக் கிடக்கும் பழைய கூப்பாடுகளைத் துடைக்க வேண்டும். பதில் சொல்லும் நிரலைப் பதிவு செய்ய வேண்டும். கடைசியில்தான் வாயைத் திறந்துவிட வேண்டும். இந்த வரிசை தவறினால், முன்பு ஓடிய அமைப்பு பாதியில் விட்டுப்போன கூப்பாடு, பதில் சொல்ல ஆளில்லாத நேரத்தில் வந்து விழும். விடைபெறும்போதும் அப்படித்தான், கருவியை அமைதியாக்கிவிட்டுத்தான் டிரைவர் வீட்டைக் காலி செய்யலாம்.

மூன்றாவது பாடம் மணியின் வகை. சில கருவிகள் பெல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடும். சில, கதவு திறக்கும்வரை அழுத்திய கையை எடுக்காது. முதல் வகையில் கூப்பாட்டைத் துடைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்; வேலை முடித்துத் துடைத்தால், நடுவில் வந்த புதுத் தட்டும் சேர்ந்து அழிந்துவிடும். இரண்டாவது வகையில் கூப்பாட்டின் காரணத்தைத் தீர்க்காமல் திரும்பக் கூடாது. திரும்பினால் அந்தக் கணமே மறுபடி அடிக்கும். எந்த வகை என்று அமைப்பில் மாற்றிக் குறித்துவிட்டால் ஒன்று உண்மைக் கூப்பாடு தொலையும், இல்லையேல் பொய்க் கூப்பாடு மழையாகக் கொட்டும்.

1990களின் இறுதியில் பிசிஐக்குள் ஒரு புது வழி நுழைந்தது. கருவி கம்பியைத் தட்டாமல், நினைவகத்தில் குறிப்பிட்ட இடத்தில் ஒரு சிறு செய்தியை எழுதிக் கூப்பிடும். ஆளுக்கு ஒரு பெல் கிடைத்த மாதிரி. பங்குக் கம்பியால் வந்த பொய்யில் பெரும்பகுதி அதோடு போயிற்று.

லினக்ஸில் ஒரு வேடிக்கையான சோதனையும் உண்டு. ஒரு குறிப்பிட்ட வசதியை இயக்கி வைத்தால், பங்குக் கம்பியிலிருந்து ஒரு டிரைவர் விலகும் நேரத்தில் கருவகமே வேண்டுமென்று ஒரு பொய்க் கூப்பாடு கொடுக்கும். எழுந்து போய்ப் பார்த்து "எனக்கு இல்லை" என்று சொல்லத் தெரிந்த டிரைவர் பிழைக்கும். பார்க்காமலே வேலையில் பாயும் டிரைவர் அங்கேயே கவிழும்.

நூறாயிரத்தில் 99,900

எல்லா டிரைவரும் "எனக்கு இல்லை" என்று சொல்லியும் விசில் நிற்கவில்லை என்றால்? லினக்ஸ் அதற்கும் கணக்கு வைத்திருக்கிறது. ஒரு கம்பியில் வந்த 1,00,000 கூப்பாட்டில் 99,900க்கு மேல் யாரும் உரிமை கொண்டாடாவிட்டால், "யாரும் கண்டுகொள்ளவில்லை" என்று திரையில் எழுதிவிட்டு அந்தக் கம்பியையே அடைத்துவிடும். இயந்திரம் உறைந்து நிற்பதைத் தடுக்க அதற்கு வேறு வழியில்லை. ஆனால் அதே கம்பியில் ஒழுங்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நல்ல கருவியின் குரலும் அதோடு அடைபட்டுப்போகிறது. பொய் விசில் வீணாக்கும் நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காதையே பொத்திக்கொள்ள வைப்பதுதான் அதன் பெரிய கேடு.

இந்தக் கணக்கு சரியாக நடக்க வேண்டுமானால் டிரைவர்கள் நாணயமாக இருக்க வேண்டும். மரியாதைக்காகவோ சோம்பலிலோ, எந்தக் கூப்பாடு வந்தாலும் "நான் பார்த்துக்கொண்டேன்" என்று சொல்லும் டிரைவர்கள் உண்டு. அப்படி ஒன்று கம்பியில் உட்கார்ந்திருந்தால் கருவகத்தின் எண்ணிக்கை ஏறவே ஏறாது; எங்கே பழுது என்று தெரியாமலே இயந்திரம் மூச்சுத் திணறும்.

கிண்டியில் ஒரு பூஜ்யம்

காத்திவாக்கத்திலிருந்து நகரத்தின் மறுகோடியில், கிண்டியை ஒட்டிய ஐஐடி வளாகத்தில் வீ. காமகோடி தலைமையிலான குழு 2014 வாக்கில் சக்தி என்ற செயலி வரிசையை உருவாக்கத் தொடங்கியது. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பின் மேல் கட்டிய செயலி. அதன் வடிவமைப்பும் திறந்த புத்தகம். 2018இல் சண்டிகரின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில், 180 நானோமீட்டர் முறையில் சக்தி சில்லை வார்த்தெடுத்தார்கள்.

ரிஸ்க்-ஃபைவ் உலகத்தின் வாயிற்காவலரை பிளிக் என்கிறார்கள். சக்தியிலும் அதுதான். அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வாசல். ஒரு கூப்பாட்டை உள்ளே விட்டதும் வாசல் மூடிக்கொள்ளும். டிரைவர் "முடிந்தது" என்று சொன்ன பிறகுதான் அதே கருவியின் அடுத்த கூப்பாட்டை விடும். ஒரே கருவி வாசலில் நின்று கத்திக்கொண்டே இருக்க முடியாது.

செயலி "யார் கூப்பிட்டது?" என்று பிளிக்கிடம் கேட்டால் கருவியின் எண் பதிலாக வரும். எண்கள் ஒன்றிலிருந்துதான் தொடங்குகின்றன. பூஜ்யத்தை எந்தக் கருவிக்கும் கொடுக்கவில்லை. "யாரும் இல்லை" என்ற பதிலுக்காக அதை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். இரண்டு கருக்கள் (கோர்) உள்ள செயலியில் ஒரே கூப்பாட்டுக்கு இரண்டும் ஓடிவந்தால், முந்தியதற்கு எண் கிடைக்கும், பிந்தியதற்குப் பூஜ்யம். பிந்தியது அமைதியாகத் தன் வேலைக்குத் திரும்பும். பழைய 8259 சங்கடப்பட்டு ஏழாம் எண்ணைக் கைகாட்டிய இடத்தில், புதிய காவலருக்கு "இல்லை" என்று சொல்ல ஒரு சொல் கிடைத்திருக்கிறது. பொய்யைத் தடுக்கும் பொறியியலில் பாதி, உண்மையைச் சொல்ல இடம் விட்டுவைப்பதுதான்.

நிலவுக்கு மேலே

பொய் அழைப்பின் மிகப் பெரிய கதை 1969 ஜூலை 20 அன்று நடந்தது. அப்போலோ 11இன் ஈகிள் கலம் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது கணினி 1202, 1201 என்ற எச்சரிக்கைகளை அடித்தது. காரணம், அந்த நேரத்தில் தேவைப்படாத ஒரு ரேடார். அதன் மின்னோட்டமும் கணினிப் பக்க மின்னோட்டமும் ஒரே 800 ஹெர்ட்ஸில் துடித்தாலும் தாளம் ஒத்துப்போகவில்லை. ரேடாரின் கோணம் ஓயாமல் மாறுவதாக நினைத்த மின்சுற்று நொடிக்கு 12,800 துடிப்புகளைக் கணினிக்குள் தள்ளியது. இவை முழுக் குறுக்கீடுகள்கூட அல்ல, அவற்றின் தம்பிகள். ஒவ்வொன்றும் ஒரு நினைவகச் சுற்றைத் திருடிக்கொண்டு போகும். இப்படியே கணினியின் நேரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போயிற்று.

கலத்தைக் காப்பாற்றியது, மார்கரெட் ஹாமில்டன் தலைமையிலான குழுவின் மென்பொருள். நெருக்கடி வந்தால் முக்கியமில்லாத வேலைகளை உதறி, இறங்குவதற்கான வேலையை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர அது பழகியிருந்தது. ரேடார் கத்தட்டும், இறங்குகிற வேலை நிற்கக் கூடாது என்று முன்பே முடிவு செய்துவைத்திருந்தார்கள்.

மூன்று தேதிகள்

விசில் வருவதும் வராமல் போவதும் கணினிக்கு வெளியிலும் உண்டு. காத்திவாக்கம் கடற்கரைக்கு மூன்று தேதிகள் நினைவிருக்கும். 2004 டிசம்பர் 26 காலை அலை வந்தது. முன்னால் எந்த விசிலும் வரவில்லை. அதன் பிறகு ஹைதராபாத்தில் ஒரு சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆழ்கடலில் மிதவைகளை நிறுத்தியது. இத்தகைய மிதவைகளோடு சேர்ந்த கருவி கடலடியில் உட்கார்ந்து, மேலே உள்ள நீரின் அழுத்தத்தை 15 நொடிக்கு ஒரு முறை அளக்கும். ஓதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தானே கணித்து, அளவு அதிலிருந்து வழக்கமாக 3 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் குரல் கொடுக்கும். நிலநடுக்கத்தில் கடல்தரை அதிர்ந்தாலும் அது குரல் கொடுத்துவிடும். எனவே கரையில் இருப்பவர்கள் அடுத்தடுத்த அளவுகளைப் பார்த்து, வருவது அலையா, வெறும் அதிர்வா என்று பிரிக்க வேண்டும். நம் டிரைவர் நிலைப் பதிவேட்டைப் படிப்பது போலத்தான்.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2.08 மணிக்கு சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் பூமி நடுங்கியது. சென்னையிலும் அதிர்வு தெரிந்தது. எச்சரிக்கை வந்தது, கடற்கரைகள் காலியாயின. ஆனால் அன்று கடல்தரைப் பாறைகள் மேலெழவில்லை. ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன. அதனால் பெரிய அலை இல்லை. கடலிலிருந்து வந்த அளவுகளைப் பார்த்து அன்று மாலையே எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். இதைப் பொய் விசில் என்று ஏளனம் செய்தவர்கள் இருக்கலாம். எழுந்து போய்ப் பார்த்து, பூஜ்யம் என்று படித்து, அதைச் சில மணி நேரத்துக்குள் ஊருக்குச் சொன்னதுதான் நடந்தது. அடுத்த எச்சரிக்கைக்கும் மக்கள் காது கொடுக்க வேண்டுமானால் இந்தக் கடைசிச் சொல் தவறக் கூடாது.

மூன்றாவது தேதி 2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். ஓர் உர ஆலைக்குக் கடல் வழியே அம்மோனியா கொண்டுவரும் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தூங்கியவர்களை எழுப்பியது நெடியும் எரிந்த கண்களும்தான்.

ஆலைகள் சூழ்ந்த ஊரில் தினமும் ஏதோ ஒரு சங்கு ஊதும், ஏதோ ஒரு விளக்கு சிவக்கும், ஏதோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும். பொய் மணி மிகுந்தால் பணியாளர் அதன் வாயைக் கட்டிவைப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, லினக்ஸும் அதைத்தான் செய்கிறது. கம்பியைச் சரிசெய்து, துள்ளலை அடக்கி, கூப்பிட்டது யார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டு, யாரும் இல்லையென்றால் கூச்சப்படாமல் பூஜ்யம் என்று எழுதிவைத்தால், அந்த மணியின் வாயைக் கட்ட வேண்டிய தேவை வராது.

வரிசை வீட்டில் மறுபடி ஒரு விசில். மடித்த கை நிற்கிறது. "இது நம்மளுது," என்று அம்மா எழுந்து போகிறார்.